நால்வகை நெறிகள்



ஆண்டுதோறும் ஜூன் திங்கள் 21-ஆம் நாள் உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுவதை நீங்கள் அறிவீர்கள். ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றியது. 2015 முதல் அந்நாள் உலகெங்கும் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று பள்ளி விளையாட்டுத் திடல்களில் மாணவர்கள் வரிசையாக அமர்ந்து ஆசனங்களைப் பயிலும் காட்சி கண்ணுக்கு இனியது, உடலுக்கும் நல்லது. ஆயினும், “யோகம் என்பது யாது?” என்று ஒரு மாணவனை வினவினால், “உடலை வளைப்பது” என்று விடையிறுத்துவிட்டு ஓடிவிடுகிறான். விடை முழுவதும் பிழையன்று. ஆனால் கடலைக் காட்டச் சொன்னால் கிளிஞ்சலைக் காட்டுவது போன்றது அது.

யோகம் என்ற சொல்லுக்கு இணைதல் என்பது பொருள். உயிர் இறைவனோடு இணைவதற்கு உரிய வழிகள் பல. பகவத்கீதை கருமம், பத்தி, ஞானம் என்னும் வழிகளை விரித்துரைக்கின்றது. விவேகானந்தர் மேலைநாடுகளில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இவற்றோடு மனத்தை ஒருமுகப்படுத்தும் இராசயோகத்தையும் சேர்த்து விளக்கினார். நம் தமிழ்நாட்டுச் சைவ மரபோ சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளை வகுத்துள்ளது. திருமூலர் தம் திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் இந்நான்கினையும் விளக்குகின்றார்.

கோயிலைப் பெருக்குதல், மெழுகுதல், மலர் பறித்து மாலை தொடுத்தல், அடியார்க்குத் தொண்டு செய்தல் ஆகியவை சரியை. முறைப்படி பூசை செய்து வழிபடுதல் கிரியை. புலன்களை அடக்கி உள்ளத்தின் உள்ளே இறைவனை நினைந்திருத்தல் யோகம். மெய்ப்பொருளை உணர்ந்து அதனில் நிலைத்தல் ஞானம். முதலாவது, தலைவனிடம் அடிமை கொள்ளும் உறவு, இரண்டாவது, தந்தையிடம் மகன் கொள்ளும் உறவு, மூன்றாவது, தோழமை. நான்காவதனைச் சன்மார்க்கம் என்பர். கையில் உழவாரப் படை ஏந்திய திருநாவுக்கரசரைச் சரியைக்கும், திருஞானசம்பந்தரைக் கிரியைக்கும், இறைவனின் தோழராகிய சுந்தரரை யோகத்திற்கும், மாணிக்கவாசகரை ஞானத்திற்கும் எடுத்துக்காட்டாகக் கூறுவது மரபு.

இந்நெறிகளைக் கற்பதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நான் வாழும் மேலகரத்தைச் சுற்றியே அவற்றின் சுவடுகளைக் காணலாம். ஊருக்கு ஒரு புறம் தென்காசி, மறுபுறம் திருக்குற்றாலம். தென்காசி விசுவநாதர் கோயிலை 1446-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கியவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். பிற்காலத்தில் இக்கோயிலில் ஏதேனும் குறை நேருமாயின், அதனைத் திருத்திப் பாதுகாப்போர் யாவராயினும் அவர்தம் அடிகளைப் பணிவதாக அம்மன்னன் கல்லில் எழுதிவைத்தான். நாடாண்ட வேந்தன், இன்னும் பிறவாத எவரோ ஒருவரின் காலில் விழுகின்றான்! அவர் கொத்தனாராகவும் இருக்கலாம், கூலியாளாகவும் இருக்கலாம். சரியை என்பதன் உட்பொருளை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று வேறு வேண்டுமோ?

திருக்குற்றாலத்திற்கு வருவோம். சிவபெருமான் நடனமாடும் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திர சபை அங்குள்ளது. அங்கே கூத்தப்பெருமான் செப்புத் திருமேனியாக அன்றி, சுவரில் தீட்டிய ஓவியமாகவே வழிபடப் பெறுகின்றார். வண்ணம் குழைத்த கைகளின் தொண்டும் வழிபாடாக மலரும் என்பதற்கு அவ்வோவியமே சான்று. திரிகூட மலையின் குகைகளில் சித்தர்கள் தவமிருந்தனர் என்று மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

எங்கள் மேலகரத்திலே பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவர் மூச்சை அடக்கி அமர்ந்தவராக அன்றி, தமிழைப் பாடி நின்றவராகவே நமக்கு அறிமுகமாகின்றார். குற்றாலநாதர்மேல் காதல் கொண்ட வசந்தவல்லியையும், மலைவளம் கூறிக் குறி சொல்லும் குறத்தியையும் படைத்து, எழுத்தறியாதவரும் கேட்டு மகிழும் வண்ணம் பத்தியை நாடகமாக்கினார். அதே மேலகரம் தந்த மற்றொரு பெரியார், திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக விளங்கிய சுப்பிரமணிய தேசிகர். துறவியாகிய அவர் அறிவைத் தம்மளவில் பூட்டி வைத்துக் கொள்ளவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை ஆதரித்தார். அவர் 1876-இல் மறைந்தபின், அவர்தம் மாணவராகிய உ. வே. சாமிநாதையரைத் தம் அரவணைப்பில் வைத்துத் தாமே பாடமும் சொன்னார். ஒருவர் பாட்டினால் பணி செய்தார். மற்றவர் ஞானத்தைக் கல்விக் கொடையாக்கினார். ஓர் ஊரிலே இரு நெறி!

இனி, நான்கனுள் எது உயர்ந்தது என்னும் வினா எழும். மாணவர் பலர் என்னிடம் கேட்டதும் இதுவே. தாயுமானவர் இந்நான்கினையும் அரும்பு, மலர், காய், கனி ஆகியவற்றிற்கு ஒப்பிட்டார். கனியே முடிவு என்பது உண்மை. ஆயின், அரும்பினை இகழ்பவன் கனியை எங்கே பறிப்பான்? சைவ நூலோர் ஒரு படி மேலும் சென்று, சரியையில் சரியை, சரியையில் கிரியை, சரியையில் யோகம், சரியையில் ஞானம் என ஒவ்வொன்றையும் நான்காக்கிப் பதினாறு வகை கண்டனர். கோயில் முற்றத்தைப் பெருக்குபவரின் துடைப்பத்திலும் ஞானம் இருக்கக்கூடும் என்பதே இதன் கருத்து.

இந்த உண்மையை நான் நூலில் கற்பதற்கு முன்னரே ஒருவர் கற்பித்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த நாளில், யோகநூல் ஒன்றை வாங்கி, குருவின் துணையின்றி விடியற்காலையில் மூச்சை அடக்கிப் பழகினேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, அறைக்குள் ஓடிவந்த தம்பியைக் கடுஞ்சொல்லால் ஏசி விரட்டினேன். திண்ணையில் அமர்ந்து கோயிலுக்கு மாலை தொடுத்துக்கொண்டிருந்த என் ஆச்சி, “மூச்சைப் பிறகு அடக்கலாம் ஐயா, முதலில் பேச்சை அடக்கு” என்றார். அன்று எனக்குச் சினமே வந்தது. பூத்தொடுப்பவர்க்கு யோகம் என்ன தெரியும் என்று எண்ணினேன். சில நாளில் அப்பயிற்சியால் தலைசுற்றல் கண்டு, அதனைக் கைவிட நேர்ந்தது. பின்னர் யோகநூல்களை முறையாகப் பயின்றபோதுதான், ஆச்சி கூறியதே நூல்களின் முதற்பாடம் என்று உணர்ந்து நாணினேன். அதனை அவரிடம் சொல்வதற்கு அவர் அப்போது உயிரோடு இல்லை.

யோகத்திற்கு உறுப்புகள் எட்டு: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. பதஞ்சலியார் இயற்றிய ஏறத்தாழ 195 சூத்திரங்களுள் ஆசனத்தைப் பற்றி அமைந்தவை மூன்றே. ஆசனம் மூன்றாம் உறுப்பு, மூச்சுப்பயிற்சி நான்காவது. அவற்றிற்கு முன் நிற்பவை இயமமும் நியமமும், அதாவது தீயன விலக்கலும் நல்லன ஒழுகலும். பதஞ்சலியார் இயமத்தில் இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பிறர் பொருள் ஏற்காமை என ஐந்தைக் கூறினார். நம் திருமூலரோ இயமத்தின் பட்டியலிலே பகுத்துண்ணுதலையும் சேர்த்தார். எண்ணிப் பாருங்கள்! பள்ளியில் சோறு கொண்டுவராத தோழனுக்குத் தன் உணவில் பாதியைத் தருகின்ற சிறுவன், தான் அறியாமலே யோகத்தின் முதற்படியில் கால் வைத்துவிடுகின்றான். பசித்தவர்க்கு உணவளிக்கும் பொருட்டு 1867-இல் வடலூரில் தருமசாலை நிறுவிய வள்ளலார், அப்படியின் அருமையை உலகுக்குக் காட்டினார்.

இந்நெறிகள் ஒரு சமயத்தார்க்கே உரியவை என்று கருதுதலும் வேண்டா. குணங்குடி மஸ்தான் சாகிபு இசுலாமிய ஞானியர். அவர் பாடல்களில் சித்தர் மரபின் சொற்கள் இயல்பாகப் பயில்கின்றன. தேடும் உள்ளங்கள் ஒன்றன் மொழியை மற்றொன்று எளிதில் அறிந்துகொள்ளும்.

மாணவர்களே, ஆசனம் பயிலுங்கள். ஆனால் தக்க ஆசிரியரிடம் பயிலுங்கள். உங்கள் இயல்பு தொண்டில் செல்லுமாயின் தொண்டு செய்யுங்கள். பாட்டில் செல்லுமாயின் பாடுங்கள். சிந்தனையில் செல்லுமாயின் சிந்தியுங்கள். எந்நெறியில் நின்றாலும் பிறர் நெறியை இகழாதீர்கள். இகழ்ச்சி புகுந்த உள்ளத்தில் இணைதல் என்பது இல்லை.

எங்கள் சிற்றாறு மலை உச்சியில் தேனருவியாக விழுகின்றது, இடையிலே செண்பகாதேவி அருவியாகின்றது, கீழே பேரருவியாகின்றது. பெயரும் உயரமும் வேறு, நீர் ஒன்று. உச்சியில் விழுந்த அந்நீர் அங்கேயே தங்கிவிடுவதில்லை. தாழ இறங்கி, தென்காசிச் சீமையின் வயல்களில் நெல்லாக விளைகின்றது. உயர்ந்த யோகமும் அத்தகையதே. அது நம் வீட்டுத் திண்ணைக்கு இறங்கி வந்து, தம்பியிடம் பேசும் சொல்லில் இனிமையாகத் தோன்ற வேண்டும். அதுவே அதற்கு அளவுகோல்.