தொழிற் பொறியியல்: நம் மாணவர்கள் அறிய வேண்டிய ஒரு படிப்பு

(ஜமாஅத் கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வந்தவுடன் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: "கம்ப்யூட்டர் கிடைக்குமா?" கிடைக்காவிட்டால், கடன் வாங்கியேனும் நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடம் பெறும் குடும்பங்கள் உண்டு. அந்த அவசரத்தில், நம் சேலம், நாமக்கல் மாவட்டத் தொழில்களுக்கு மிக நெருக்கமான ஒரு படிப்பைப் பற்றி விசாரிப்பார் இல்லை. அதுவே தொழிற் பொறியியல், அதாவது இண்டஸ்ட்ரியல் என்ஜினியரிங்.

மெக்கானிக்கல் பொறியாளர் இயந்திரத்தை வடிவமைக்கிறார். தொழிற் பொறியாளரோ ஆள், இயந்திரம், பொருள், நேரம், பணம் ஆகிய ஐந்தையும் எவ்வாறு இணைத்தால் வீண் குறையும் என்று கணக்கிடுகிறார்.

நாம் அன்றாடம் காணும் சேகோ ஆலையை எடுத்துக்கொள்வோம். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு ஓரிரு நாள்களில் கெடத் தொடங்கும். ஆலை வாசலில் கிழங்கு வண்டிகள் காத்து நின்றால், வாடகையோடு சரக்கின் தரமும் வீணாகிறது. எந்தத் தோட்டத்துக் கிழங்கு எந்த நாளில் வர வேண்டும்? எடைமேடையில் ஒரு வண்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? இன்னொரு மேடை வைத்தால் அதன் செலவு மீளுமா? இவற்றுக்கு விடை காணும் கணிதமே வரிசைக் கோட்பாடு என்ற பெயரில் கல்லூரியில் கற்பிக்கப்படுகிறது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ஒருவர் எத்தனை விசைத்தறிகளைக் கவனிக்கலாம், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வர வேண்டும், வடநாடு சென்ற லாரி திரும்பும் லோடுக்காக எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பனவும் இப்படிப்பின் கேள்விகளே. அனுபவத்தைக் கொண்டு நம் முன்னோர் சொன்ன விடையை இது கணக்கிட்டுச் சரிபார்க்கிறது.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கர் ஃபிராங்க் கில்பிரெத், கொத்தனாராக வாழ்வைத் தொடங்கியவர். செங்கல்லைக் குனிந்து எடுக்காதபடி கைக்கெட்டும் உயரத்தில் வைக்கச் செய்து, ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் என்றிருந்ததை 5 ஆகக் குறைத்தார். அவருடைய துணைவியார் லில்லியன், 1924இல் கணவர் மறைந்தபின் அப்பணியைத் தாமே தொடர்ந்து நடத்தி, 1935இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இது ஆண்களுக்கே உரிய படிப்பு என்று எண்ணும் பெற்றோர் இதனைக் கருத வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. கடிகாரத்தோடு ஒருவர் அருகில் நின்றால் தொழிலாளி அஞ்சுவது இயல்பு. 1911இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் ஸ்டாப்வாட்ச்சை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்தது. வீண் அசைவைக் குறைப்பது வேறு. மனிதனைப் பிழிவது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்தவரே நல்ல தொழிற் பொறியாளர். தறிக்குழியையும் லாரிப் பட்டறையையும் அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த உணர்வு இயல்பாகவே அமையக்கூடும்.

எங்கே படிப்பது? கிண்டி பொறியியற் கல்லூரியில் பி.இ. தொழிற் பொறியியல் உள்ளது. திருச்சி என்.ஐ.டி.யில் உற்பத்திப் பொறியியலும், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் தொழில் மற்றும் அமைப்புப் பொறியியலும் உள்ளன. இளநிலையில் இப்படிப்பைத் தரும் கல்லூரிகள் சிலவே. ஆகவே 1966இல் தொடங்கிய சேலம் அரசு பொறியியற் கல்லூரி போன்ற அருகிலுள்ள கல்லூரியில் மெக்கானிக்கல் பயின்று, மேற்படிப்பில் இத்துறைக்கு வருவதும் நல்ல வழி. கேட் தேர்வில் உற்பத்தி, தொழிற் பொறியியலுக்குத் தனித்தாள் உண்டு. 1963இல் மும்பையில் தொடங்கப்பட்டு, 2023இல் ஐ.ஐ.எம். மும்பை ஆன நிறுவனமும் இத்துறைக்கு உரியதே.

வேலைவாய்ப்பு எப்படி? திருப்பூர் ஆயத்த ஆடை ஆலைகளில் ஒரு சட்டை தைக்க எத்தனை நிமிடம் என்று கணக்கிடத் தனிப்பிரிவே வைத்திருக்கிறார்கள். வாகனத் தொழிற்சாலை, சரக்குக் கிடங்கு, மருத்துவமனை, மென்பொருள் நிறுவனம் ஆகியவற்றிலும் இடமுண்டு. ஆனால் விளம்பரத்தில் படிப்பின் பெயர் அப்படியே வராது; திட்டமிடல், தரக்கட்டுப்பாடு, விநியோகச் சங்கிலி என்றே வரும். சில அரசுப் பணிகளுக்கு மெக்கானிக்கல் என்றே தகுதி குறிக்கப்படுவதால், சேரும் முன் அதனையும் விசாரிக்க வேண்டும். புள்ளியியலில் விருப்பமில்லாத மாணவருக்கு இது சுமையாகவே அமையும்.

கட்டணத்தை எண்ணித் தயங்குவோருக்கு ஒரு செய்தி. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழிச் சேர்க்கையில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை விண்ணப்ப நாளுக்கு முன்பே பெற்று வைத்தல் வேண்டும்.

பெற்றோர்களே! நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கடன் வாங்குமுன், பிள்ளையை ஒரு நாள் ஓர் ஆலைக்கோ பட்டறைக்கோ அழைத்துச் செல்லுங்கள். "இங்கே எது வீணாகிறது?" என்று கேளுங்கள். ஆர்வத்தோடு நான்கைந்தைச் சுட்டிக்காட்டும் பிள்ளைக்கு இப்படிப்பு ஏற்றது. அத்தகைய பிள்ளைகளைக் கண்டறிந்து துணைநிற்பது நம் ஜமாஅத்தின் கடமையுமாகும்.