விளக்கு அணைந்தால் என்ன செய்வது?



இரவு எட்டு மணி. அடுப்பில் சோறு கொதிக்கிறது. பிள்ளை பாடம் படிக்கிறது. திடீரென்று விளக்கு அணைகிறது. "கரண்டு போச்சு!" என்று எல்லோரும் ஒன்றாகக் கத்துகிறோம். பிறகு ஒருவர் சுவிட்சுகளைத் தட்டுகிறார். இன்னொருவர் இருட்டில் தடவிப் பியூஸைப் பிடுங்குகிறார். இருட்டால் ஆபத்து இல்லை. இந்த அவசரத்தால்தான் ஆபத்து வருகிறது. இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகிறது. அந்த நீரின் வேகத்தைக் கொண்டு 1902-இல் மின்சாரம் எடுத்தார்கள். முதலில் அது கோலார் தங்கவயலுக்குப் போனது. நம்மில் சிலருடைய தாத்தாக்கள் சுரங்கத்தில் இறங்கி உழைத்த அதே தங்கவயல்தான். 1905-இல் பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் மின்சாரம் நம் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று நம்மில் பலர் நின்று பார்த்ததில்லை.

வழி எளிதுதான். தெருக் கம்பத்திலிருந்து ஒயர் வருகிறது. அது மீட்டருக்குப் போகிறது. அங்கிருந்து மெயின் சுவிட்ச். அதன் பிறகு பியூஸ், அல்லது புது வீடுகளில் எம்.சி.பி. சுவிட்ச். அதற்குப் பிறகுதான் விளக்கும் விசிறியும்.

விளக்கு அணைந்தால் முதலில் டார்ச்சை எடுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா? தெருவே இருட்டாக இருந்தால் பழுது வெளியே இருக்கிறது. பியூஸைத் தொட வேண்டாம். இஸ்திரிப் பெட்டி, டி.வி., மிக்சி இவற்றின் சுவிட்சுகளை அணைத்து வையுங்கள். ஒரு விளக்கின் சுவிட்ச் மட்டும் போட்டபடி இருக்கட்டும். கரண்டு வந்தால் அது சொல்லும்.

இரண்டாவது கேள்வி: நம் வீட்டில் மட்டும் என்றால், வீடு முழுவதுமா, ஓர் அறை மட்டுமா? ஓர் அறை என்றால் அந்த அறைக்கான பியூஸைப் பாருங்கள். ஒரே ஒரு விளக்கு என்றால் பல்பைப் பாருங்கள். வீடு முழுவதும் இருட்டு, மீட்டரிலும் வெளிச்சம் இல்லை என்றால், பழுது மீட்டருக்கு முன்னால் இருக்கலாம். அது நம் வேலை அல்ல. மீட்டரின் சீலை யாரும் உடைக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வி: அணைந்த நேரத்தில் எதைப் போட்டோம்? பெரும்பாலும் விடை இங்கேதான் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பொருளின் மேல் எழுதியிருக்கும் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்றால் 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் காய்ச்சும் ராடு 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 11 ஆம்பியர். 5 ஆம்பியர் பியூஸ் அதை எப்படித் தாங்கும்? உருகிவிடும். உருகுவதுதான் அதன் வேலை.

பியூஸ் நம் வீட்டுக் காவல்காரன். தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காக்கிறான். அவன் கையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அப்போது ஒரே காம்பவுண்டில் ஆறு வீடு. அடிக்கடி பியூஸ் போனது. எனக்குக் கோபம். பழைய ஒயரிலிருந்து தடித்த செம்புக் கம்பியை உருவிப் பியூஸ் கட்டையில் சுற்றினேன். அதன் பிறகு பியூஸ் போகவே இல்லை. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன். ஒரு மாதம் கழித்து நடு இரவில் புகை நாற்றம். சுவருக்குள் ஒயர் உருகிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து மெயினை அணைத்தார். இல்லாவிட்டால் உள்ளே தூங்கிய என் இரண்டு பிள்ளைகள் என்ன ஆகியிருப்பார்கள்? இன்றும் நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

ஆகவே, பியூஸ் போட வேண்டுமா? மெயினை அணையுங்கள். கை ஈரம் இருக்கக் கூடாது. காலில் செருப்பு இருக்கட்டும். கடையில் விற்கும் பியூஸ் கம்பியை, அதே ஆம்பியர் அளவில் போடுங்கள். மறுபடியும் உருகினால் நிறுத்துங்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

எம்.சி.பி. இருந்தால், விழுந்திருக்கும் சுவிட்சைக் கீழே முழுவதும் தள்ளி, பிறகு மேலே ஏற்றுங்கள். உடனே விழுந்தால் பலவந்தம் செய்யாதீர்கள். அந்த வழியில் உள்ள பொருள்களின் பிளக்குகளைக் கழற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, அதில்தான் கோளாறு.

சில வீடுகளில் 'டெஸ்ட்' என்ற பொத்தான் உள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆர்.சி.சி.பி. எங்காவது மின்சாரம் கசிந்தால் அது விழும். வீட்டுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழக்கூடியது. அது விழுந்தால் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று. ஒரு விளக்கு மங்கலாகவும் இன்னொன்று கண் கூசும்படியும் எரிந்தால், அல்லது ஒயர் கருகும் நாற்றம் வந்தால், உடனே மெயினை அணையுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். முதலில் மெயின். முடியாவிட்டால், உலர்ந்த மரப்பலகை மேல் நின்று, உலர்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-க்குப் பேசுங்கள்.

இது வீட்டுக்குள் மட்டும்தான். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கட்டையோடும் போகாதீர்கள். 2023 நவம்பர் 19 அன்று விடியும் முன், இதே பெங்களூரில், காடுகோடி ஹோப் பார்ம் சந்திப்பில், ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு நடந்து வந்தார். நடைபாதையில் கிடந்த மின்கம்பியை மிதித்துவிட்டார். தாயும் குழந்தையும் இறந்தார்கள். கம்பிகளைச் சரியாக வைத்திருப்பது மின்சாரக் கம்பெனியின் கடமை. அதை நாம் கேட்டுப் பெற வேண்டும். அதே நேரத்தில் கம்பியைக் கண்டவர் முப்பது அடி தள்ளி நின்று, மற்றவர்களையும் தடுத்து, உடனே தகவல் சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வது? 1912 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பழையவர்கள் இன்னும் கே.இ.பி. என்கிறார்கள். 2002 முதல் நம் ஊருக்கு மின்சாரம் தருவது பெஸ்காம். நம் வீட்டுப் பழுது என்றால் பில்லில் உள்ள எண்ணைக் கேட்பார்கள். முன்பு அதைப் படிக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடினோம். இன்று நாமே படிக்கலாம்.

அதனால் இன்று இரவு மூன்று வேலை செய்யுங்கள். ஒரு தாளில் 1912 என்றும் உங்கள் பில்லில் உள்ள எண்ணையும் பெரிதாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஒவ்வொரு பியூஸின் பக்கத்திலும் 'அடுப்படி', 'கூடம்' என்று பென்சிலால் எழுதுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

அடுத்த முறை விளக்கு அணையும்போது யாரும் கத்த வேண்டாம். டார்ச்சை எடுங்கள். நீங்கள் எழுதியதை நீங்களே படியுங்கள்.