எடை போட்டுவிட்டு ஷாக் வாங்குங்கள்



வண்டிக்குள்ளேயே ஒரு வீடு இருந்தால் முதலில் காதில் விழுவது என்ஜின் சத்தமல்ல, கரண்டிச் சத்தம். அடுப்புக்குக் கீழே இழுப்பறை, அதற்குள் கரண்டி, முள்கரண்டி, டம்ளர், இரண்டு எவர்சில்வர் தட்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனில் போனேன். 1977ஆம் ஆண்டு வண்டி. கருங்கல் பாவிய ஒரு பழைய ஊர்த் தெருவில் திரும்பினோம். தெருவில் எத்தனை கல் என்று அந்தத் தட்டுகள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லின.

"போன வாரந்தான் நாலு ஷாக் அப்சார்பரும் மாத்தினேன். கடையில இருந்ததிலேயே விலை கூடினது, கெட்டியானது" என்றார் நண்பர்.

"அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"படகு மாதிரி ஆடும். இப்ப ஆடறதில்ல, உதைக்குது" என்றார்.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்த உதையைப் பற்றித்தான்.

வண்டியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஜெர்மானியர்கள் இதைச் செல்லமாக 'புல்லி' என்பார்கள். பென் பான் என்ற டச்சு வணிகர் 1947இல் ஒரு குறிப்பேட்டில் கிறுக்கிய பெட்டிப் படம்தான் இதன் தொடக்கம். 1950இல் வொல்ஃப்ஸ்புர்கில் தயாரிப்பு தொடங்கி, 1956இல் ஹனோவருக்குப் போனது. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருப்பது முதல் தலைமுறை. 1967இல் வந்த இரண்டாவது தலைமுறைக்கு ஒரே அகலக் கண்ணாடி. 1979இல் வந்த மூன்றாவது, நன்றாகச் சதுரம். கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் பொருத்தி இதை வீடாக்கியவர்களில் பெயர் பெற்றது வெஸ்ட்ஃபாலியா நிறுவனம்.

ஷாக் வாங்கப் போகிறவர் இந்தத் தலைமுறைக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டிலும் நாம் நினைக்கிற சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுக்குக் கம்பிதான் ஸ்பிரிங். முன்னால் இரண்டு குழாய்களுக்குள் தகடு தகடாக அடுக்கியிருக்கும், பின்னால் ஒற்றைத் தடிக் கம்பி. சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். மூன்றாவது தலைமுறையில்தான் சுருள் ஸ்பிரிங் வந்தது. அதில் முன்பக்க ஷாக், ஸ்பிரிங்கின் நடுவிலேயே நிற்கும். ஆகவே 'பழைய ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு ஷாக் கொடுங்கள்' என்று கேட்டால் போதாது. ஆண்டு, முன்பக்கமா பின்பக்கமா, வண்டியின் உயரத்தைக் குறைத்திருக்கிறார்களா, இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். உயரம் குறைத்த வண்டிக்கு வழக்கமான நீளத்து ஷாக்கைப் போட்டால், ஒரு பெரிய பள்ளத்தில் அது முழுதாக அமுங்கி உள்ளே அடித்துக்கொள்ளும்.

ஷாக் அப்சார்பரை நம் ஊர்ப் பட்டறைகளில் பலர் 'ஷாக் அப்சர்வர்' என்பார்கள். அதைத் திருத்தப் போவதில்லை. எனக்குக் குறை, 'அதிர்வு தாங்கி' என்ற பெயரின் மேல்தான். அது எதையும் தாங்குவதில்லை. வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் சும்மா விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும், உந்திவிட்ட ஊஞ்சல் போல. அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. அலுவலகங்களில் கதவுக்கு மேலே ஒரு கருவி இருக்குமே, கதவைப் படாரென்று சாத்த விடாமல் மெதுவாகக் கொண்டுவந்து சேர்க்குமே, அதற்குள்ளும் எண்ணெய்தான், சின்னத் துளைதான். ஷாக்கிலும் பிஸ்டன் எண்ணெய்க்குள் ஏறி இறங்கும். எண்ணெய் சின்ன வால்வுகள் வழியாக நெருக்கியடித்துப் போக வேண்டியிருக்கும். அந்தச் சிரமம் சூடாக மாறும். கரடுமுரடான சாலையில் அரைமணி ஓட்டி நிறுத்திவிட்டு ஷாக்கின் அருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். சிலீரென்று இருந்தால் அந்த ஷாக் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம்.

வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங்தான் என்பதிலிருந்து ஒன்று தெரிகிறது. பின்பக்கம் தாழ்ந்துபோன வண்டியை ஷாக் மாற்றி நிமிர்த்த முடியாது. வாயு நிரப்பிய ஷாக் வண்டியைத் தூக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளே 25 பார் அழுத்தம், தண்டின் குறுக்களவு 11 மில்லிமீட்டர் என்றால், அது தள்ளும் விசை 24 கிலோவுக்குச் சமம். இரண்டே கால் டன் அளவுக்குப் போகும் வண்டியில் ஒரு மூலைக்கு 24 கிலோ எந்த மூலைக்கு? தாழ்ந்த வண்டிக்கு முறுக்குக் கம்பியைக் கழற்றி, பற்களில் தள்ளி மாட்டுவதுதான் வைத்தியம். மூன்றாவது தலைமுறை என்றால் புது ஸ்பிரிங்.

சரி, கடைக்குப் போவோம். அங்கே இரண்டு சாதி இருக்கும். ஒன்று இரட்டைக் குழாய். குழாய்க்குள் குழாய், நடுவில் பிஸ்டன், வெளிக்குழாயில் உபரி எண்ணெய். அந்தக் காலத்தில் இந்த வண்டிகளில் வந்தது இந்த வகைதான். எண்ணெய் மட்டும் உள்ளது, கொஞ்சம் வாயுவும் சேர்த்தது என்று இதிலேயே இரண்டு உண்டு. மலைப்பாதையில் தொடர்ந்து அடி வாங்கினால் எண்ணெய் நுரைத்துப் பிடி தளரும். கொஞ்சம் வாயு இருந்தால் அந்த நுரை குறையும்.

இன்னொன்று ஒற்றைக் குழாய். பிரான்சைச் சேர்ந்த தெ கார்போன் என்பவர் உருவாக்கியது. எண்ணெய் ஒரு பக்கம், நல்ல அழுத்தத்தில் நைட்ரஜன் மறுபக்கம், நடுவே மிதக்கும் ஒரு தடுப்பு. எண்ணெயும் வாயுவும் கலக்க வழியே இல்லை, அதனால் நுரையும் இல்லை. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1957இல் மெர்சிடிஸ் கார்களுக்கு இதைத் தொடர் தயாரிப்பாகக் கொடுத்தது. சூடு சீக்கிரம் வெளியேறும், பிடி உறுதியாக இருக்கும். ஆனால் ஒரு கல் பட்டுக் குழாய் நெளிந்தால் கதை முடிந்தது. பிஸ்டன் நேராக அந்தச் சுவரில்தான் உரசி ஓடுகிறது. இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் கொஞ்சம் நசுங்கினாலும் ஓட்டலாம்.

நெதர்லாந்தின் கோனியையும் விட்டுவிடக் கூடாது. 1857இல் குதிரை வண்டிச் சாமான் செய்யத் தொடங்கிய நிறுவனம். அதன் பழைய பாணிச் சிவப்பு ஷாக்கைக் கழற்றி, தண்டை முழுதாக உள்ளே அமுக்கித் திருகினால், விரியும்போது கொடுக்கும் பிடியைக் கூட்டலாம். தேய்ந்துபோனால் ஒரு திருகு கூட்டிக்கொள்ளலாம். விலை அதிகம், ஆனால் பல ஆண்டு வைத்து ஓட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகும்.

எதை வாங்குவது? இந்தக் கேள்விக்கு நான் கடையில் பதில் சொல்ல மாட்டேன், எடை மேடையில் சொல்வேன். நண்பரின் வண்டியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ. நாலு பெரியவர்கள் ஏறினால் 280 கிலோ. மெத்தை, கேஸ் சிலிண்டர், இரண்டாவது பேட்டரி, கூரைமேல் மடக்கு நாற்காலி, சிறு குளிர்பெட்டி. என்ஜினோ பின்னால். அவ்வளவும் ஏற்றிக்கொண்டு கோடையில் ஒரு மாதம் ஆல்ப்ஸ் மலைக்குப் போவார். மீதிப் பதினோரு மாதம் காலி வண்டியில் அவரும் மனைவியும் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவார்கள். அந்தப் பதினோரு மாதத்துக்கு அவர் வாங்கிய கெட்டி ஷாக் பெரும்பாரம். ஸ்பிரிங் அதே பழைய மிருதுவான ஸ்பிரிங், ஷாக்கோ அதைவிட முரடு. அதனால்தான் தட்டுகள் கல் எண்ணின.

எனவே பயணத்துக்குப் போகும் கோலத்திலேயே, தண்ணீரும் மனிதர்களும் ஏறிய நிலையிலேயே, முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக எடை போடுங்கள். ஜெர்மனியில் சல்லிக் கிடங்கிலோ பழைய இரும்புக் கடையிலோ மேடை இருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்தபின், காலி வண்டியாகவே பெரும்பாலும் ஓடுகிறது என்றால் அசல் தரத்து இரட்டைக் குழாய் போதும் என்பேன். எப்போதும் வீட்டையே சுமந்து போகும் வண்டி, மேல்கூரை உயர்த்தியது, மலை ஏறுவது என்றால் ஒற்றைக் குழாய்க்குக் காசு கொடுக்கலாம். வெறும் தோற்றத்துக்காக ஒற்றைக் குழாயை வாங்காதீர்கள். அடியில் படுத்துப் பார்க்கிற ஆள் யார்?

இதைவிட முக்கியமான ஒரு விஷயம். அன்றைக்கு நெடுஞ்சாலையில் ஒரு லாரி எங்களைத் தாண்டும்போது, புது ஷாக் போட்ட பிறகும், வண்டி பக்கவாட்டில் தள்ளாடியது. முகம் தட்டையான வண்டி, காற்று தள்ளத்தான் செய்யும். ஆனால் தள்ளிய பிறகு நிதானத்துக்கு வர நேரம் எடுத்தது. ஓரிடத்தில் நிறுத்தி டயர்களைப் பார்த்தோம். நாலிலும் ஒரே காற்று. என்ஜினும் சாமானும் பின்னால் இருக்கும் இந்த வண்டிக்குப் பின்சக்கரத்தில் முன்னதைவிடக் கூடுதலாகக் காற்று வேண்டும். டயரும் சரக்கு வண்டிக்கான வலுவான வகையாக இருக்க வேண்டும். கையேட்டில் உள்ளபடி காற்று அடித்தோம். பாதித் தள்ளாட்டம் போய்விட்டது, செலவு சல்லிக்காசு இல்லை. ஷாக் வாங்குவதற்கு முன் டயர், காற்று, ஸ்டீயரிங் ஆட்டம், ரப்பர் புஷ் இவற்றைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய ஷாக் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூலையை அமுக்கிப் பார்ப்பது அவ்வளவு நம்பகமில்லை. கழற்றிப் பாருங்கள். படுக்கவைத்திருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும். நேராக நிறுத்தி நாலைந்து தடவை இழுத்து அமுக்கிவிட்டு, பிறகு மெதுவாக இழுங்கள். நல்லதென்றால் கெட்டித் தேனில் கரண்டி விட்டு இழுத்த மாதிரி, முழு நீளமும் ஒரே பிடி. விரியும்போது பிடி கூடுதலாகத்தான் இருக்கும், அது குறையல்ல. திசை மாறும் இடத்தில் 'சளக்' என்று அரை விரல் கடை வெறுமையாக ஓடினால் அது போய்விட்டது. தண்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். கீழே சொட்டினால் மாற்றுங்கள், ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து. முப்பது ஆண்டு அட்டைப் பெட்டிக்குள் கிடந்த 'பிரிக்காத அசல்' என்று யாராவது கொடுத்தால் நான் வாங்க மாட்டேன். ரப்பரும் சீலும் பெட்டிக்குள்ளேயே கிழடாகியிருக்கும்.

மாட்டும்போது இரண்டு எச்சரிக்கை. பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், அது சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக முறுக்காதீர்கள். வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகு முறுக்குங்கள். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

கழற்றிய பழைய வாயு ஷாக்கை அறுக்கவோ சூடாக்கவோ வேண்டாம், உள்ளே அழுத்தம் அப்படியே இருக்கும். பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள். கடைக்குப் போகும்போது அந்த எடைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.