மூன்று கடிதங்கள்



டிசம்பர் பிறந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கணினி அறிவியல் துறைகளில் முனைவர் பட்ட விண்ணப்பங்கள் வந்து குவியும். பல துறைகளில் அந்த மாத நடுவிலேயே கெடு முடிந்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியல், ஆய்வு நோக்கத்தை விளக்கும் கட்டுரை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவைதான் விண்ணப்பத்தின் முதுகெலும்பு. ஒரு காலத்தில் மாணவர்களை வாட்டிய ஜி.ஆர்.இ. தேர்வை எம்.ஐ.டி.யின் கணினித் துறை கேட்பதே இல்லை.

இவற்றில் மாணவர்கள் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவது பெரும்பாலும் கடிதங்களைத்தான். தேர்வுக் குழுவோ அவற்றைத்தான் வரி வரியாகப் படிக்கிறது.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோர் ஹார்கோல்-பால்டர், விண்ணப்பிக்கும் மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதியிருக்கிறார். 'என் வகுப்பில் நன்றாகப் படித்தார்' என்ற அளவில் நின்றுவிடும் கடிதத்துக்கு அவர் போடும் மதிப்பு பூஜ்யம். கடுமையாகத் தோன்றினாலும் இது நியாயமான கணக்கு. வகுப்பில் எப்படிப் படித்தார் என்பதை மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடுகிறது. விடை யாருக்குமே தெரியாத ஒரு கேள்வியோடு இந்த மாணவர் எத்தனை மாதம் மல்லுக்கட்டுவார், சோதனை பொய்த்தபோது என்ன செய்தார், புதிதாக எதையாவது யோசித்தாரா என்பதையே குழு அறிய விரும்புகிறது. ஐந்தாறு ஆண்டுகள் சம்பளம் கொடுத்து ஒருவரை ஆய்வில் இருத்தப் போகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவரால்தான் எழுத முடியும். பெயர்கூடச் சரியாக நினைவில்லாத கல்லூரி முதல்வரின் கடிதத்தைவிட, ஒரு செமஸ்டர் முழுக்கக் கூட உட்கார்ந்து நிரலைத் திருத்திய இளம் விரிவுரையாளரின் கடிதம் பலமானது.

இளநிலையில் எந்தப் பாடம் படித்தோம் என்ற கவலையும் பலருக்கு உண்டு. அது தடையாக வேண்டியதில்லை. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் சிவில் படித்து முடித்தவர் ராஜ் ரெட்டி. ஆஸ்திரேலியாவில் முதுநிலைப் படிப்பு, அங்கேயே ஐ.பி.எம். வேலை என்று போய், பிறகு ஸ்டான்ஃபோர்டு சேர்ந்தார். 1966-இல் ஜான் மெக்கார்த்தியின் கீழ் கணினி அறிவியலில் முனைவர் ஆனார். பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆய்வில் முன்னோடியான அவருக்கு 1994-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

செலவையும் சொல்லியாக வேண்டும். இடம் கிடைத்துவிட்டால் பெரிய துறைகள் பலவற்றில் கல்விக் கட்டணமும் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பிக்கத்தான் கைப்பணம் கரைகிறது. ஸ்டான்ஃபோர்டு ஒன்றுக்கே 125 டாலர். கட்டணச் சலுகை தரும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. தயங்காமல் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர்களே, உங்கள் கல்லூரியில் ஆய்வு செய்யும் ஆசிரியர் ஒருவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். சின்ன வேலையாக இருந்தாலும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அடுத்த டிசம்பரில் உங்களைப் பற்றி எழுத அவரிடம் விஷயம் இருக்கட்டும்.