சொந்த மண்ணும் தரவரிசையும்

நேயர்களே, 2016இல் அவுஸ்திரேலிய அணி முதல்தர டெஸ்ட் அணியாக இலங்கைக்கு வந்து, மூன்று போட்டிகளிலும் தோற்றுத் திரும்பியது. ரங்கன ஹேரத் 28 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். நமது வறண்ட ஆடுகளங்கள் அவர் கைக்குப் பழகியவை, வந்தவர்களுக்கோ புதிர். நாம் மகிழ்ந்தோம், அதிற் பிழையில்லை.

ஆயினும் 2019 பெப்ரவரியில் டர்பனில் நிகழ்ந்ததை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெற்றிக்கு வேண்டியவை 304 ஓட்டங்கள். 226 ஓட்டங்களில் ஒன்பதாவது விக்கெட்டும் வீழ்ந்துவிட்டது. குசல் பெரேராவும் விஷ்வ பெர்னாண்டோவும் பிரியாது நின்று எஞ்சிய 78 ஓட்டங்களையும் சேர்த்தனர்; அவற்றுள் விஷ்வ எடுத்தவை ஆறே ஆறு! அடுத்த போட்டியையும் வென்று, தென்னாபிரிக்க மண்ணில் டெஸ்ட் தொடரை வென்ற முதலாவது ஆசிய அணி என்ற பெயரை இலங்கை பெற்றது.

சர்வதேச கிரிக்கெட் சபையின் அணித் தரவரிசை எதிரணியின் வலிமையை நிறுத்துப் பார்க்கிறது; ஆடிய மண்ணைப் பார்ப்பதில்லை. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மாறிமாறி ஆடுவதால் ஏற்றத்தாழ்வு தானாகவே சமனாகும் என்பர் சிலர். எல்லா அணிகளும் எல்லா நாடுகளுக்கும் செல்கின்றனவா? இந்தியாவும் பாகிஸ்தானும் 2007க்குப் பின்னர் டெஸ்ட் போட்டியிற் சந்திக்கவே இல்லையே! அயல்மண்ணிற் பெறும் வெற்றிக்குச் சற்றே கூடுதலான புள்ளி வழங்குவதுதான் நீதி என்பது என் துணிபு. எத்தனை புள்ளி என்பதைக் கணித ஆசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன்.