முதற் சந்திப்பில் அச்சமேன்?

மனநல மருத்துவரை முதன்முறை காணச் செல்வோர், தீர்ப்புக் கேட்கச் செல்வோரைப்போல் அஞ்சுகின்றனர். பெங்களூர் 'நிம்ஹான்ஸ்' நிறுவனம் 2015–16-இல் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்கு 10-க்கு மேற்பட்டோரிடம் மனநலக் கோளாறு காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறையோடு அச்சமும் நாணமும் இதற்குக் காரணங்களாகும்.

உண்மையில் முதற் சந்திப்பு பெரும்பாலும் உரையாடலே. தொல்லை எப்பொழுது தொடங்கிற்று, உறக்கமும் பசியும் எவ்வாறுள்ளன, அன்றாட வேலை தடைப்படுகிறதா, மதுப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் இத்தகைய நோய் இருந்ததா என்று மருத்துவர் வினவுவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்ததா என்றும் கேட்பார். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை, மறைப்பதே ஆபத்து. தேதியைக் கேட்பதும், எளிய கழித்தற் கணக்குக் கொடுப்பதும் நினைவையும் கவனத்தையும் அறிவதற்கே. தைராய்டுக் குறைவும் மனச்சோர்வு தருமாதலால், இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். நோய் இன்னதென்பது அன்றே முடிவாகாமலும் போகலாம். உட்கொண்டுவரும் மருந்துகளின் சீட்டுகளை உடன் கொண்டு செல்வது நன்று.

1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இச்சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசுச் சேவைகளில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது. சட்டம் குறிப்பிடும் விலக்குகள் நீங்கலாக, நோயாளி பற்றிய செய்திகள் வெளியிடப்படலாகாது என்றும் அது விதித்தது. 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அழைக்கலாம்.

எனினும், சட்டம் மட்டும் போதாது. மருத்துவரைக் காண விடுப்புக் கேட்கும் ஊழியரிடம், காய்ச்சலுக்குக் காட்டும் பரிவையே மேலதிகாரி காட்டுவாராயின், பாதி அச்சம் அலுவலக வாயிலிலேயே அகன்றுவிடும்.