செரிமான நொதி மாத்திரை யாருக்கு?

செரிமான நொதி மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பவை மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ், கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ். கணையம் நலமாக இருந்தால், நாற்பது வயதைத் தாண்டியும் இவற்றுக்கு உடலில் பஞ்சமில்லை. நாள்பட்ட கணைய அழற்சியில் கணையம் தளர்ந்து, மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதப்பவர்களுக்கோ இவை இன்றியமையாத மருந்து.

பால் குடித்த ஓரிரு மணி நேரத்தில் வயிறு இரைந்து, உப்பி, பேதியானால் பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதியின் குறைவு காரணமாக இருக்கலாம். லாக்டேஸ் மாத்திரையைப் பாலின் முதல் வாயோடு விழுங்க வேண்டும். இந்தக் குறைவு உள்ளவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

இதே போன்ற வயிற்று உபாதை தரும் எரிச்சல் குடல் நோயோ (IBS) நொதிக் குறைவால் வருவதன்று. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு பிசகுவதே அதில் முக்கியம். நடுவயதில் மலப்பழக்கம் திடீரென மாறினாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, மருந்துக்கடைக்குப் போகாமல் மருத்துவரைப் பாருங்கள்.